கணக்கில் சேராத டீ

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. என்னால் அந்தப் பெயர் ஒருமுறை இந்த ஊரின் வாயில் விழுந்தது. இரண்டாம் முறை விழ வேண்டாம். தருமபுரியில் எல்லோரும் அவரைப் 'பாய்' என்றே அழைத்தோம். பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், ஒரு தகரக் கூரையின் கீழ், மோட்டார் சைக்கிள் பழுது பார்த்து வந்தார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தத் தொழில் அன்று. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், ஜாதகம் பார்க்கச் சோதிடரிடம் போவதுபோல், முதலில் அவரிடம் வந்து நிற்பார்கள். வண்டியைப் பார்த்துச் சொல்ல அவரை அழைத்துப் போவார்கள்.

'சொல்ல' என்று எழுதிவிட்டேன். அது பிழை. அவர் எதையும் சொல்லமாட்டார்.

விற்பவர் வீட்டு வாசலில் போய் இறங்கியதும், வணக்கம் சொல்வதற்கு முன்பே, வலது புறங்கையை எஞ்சின்மேல் வைப்பார். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல அத்தனை மென்மையாக வைப்பார். எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தால், முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்காக யாரையும் முறைக்கமாட்டார். "ஆறட்டுங்க. தூங்கி எந்திரிக்கறப்பத்தாங்க அதோட கொணம் தெரியும்" என்று சொல்லிவிட்டு மர நிழலில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரமானாலும் அசையமாட்டார்.

அதற்குள் வீட்டிலிருந்து தேநீர் வரும். அவர் அதன்மேல் தம்முடைய கைக்குட்டையைப் போர்த்தி ஓரமாக வைத்துவிடுவார். வண்டியைப் பார்த்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆடை படிந்து ஆறிக் கிடக்கும் அந்தத் தேநீரை எடுத்துக் குடித்தார் என்றால் வண்டி நல்ல வண்டி. குடிக்காமல், "வயித்துக்கு ஆகலீங்க" என்று கைகூப்பினால், அழைத்து வந்தவர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டு எழுந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய தீர்ப்பு. கடைவீதியில் இதை வைத்துக் கேலி நடக்கும். "பாய்க்கு நேத்து பாலக்கோட்டுல வயிறு கெட்டுப்போச்சாம். யாரு வண்டிப்பா அது?" என்பார்கள்.

இத்தனைக்கும் தேநீரின்மேல் அவருக்கு இருந்த ஆசை சாதாரணமானதன்று. கடையில் இருந்தால் ஒரு நாளைக்குப் பத்துத் தம்ளர் குடிப்பார். எதிர்க்கடைக்காரர் சர்க்கரையை இரண்டாம் முறை அள்ளிப் போடும்வரை தம்ளரைக் கையில் வாங்கமாட்டார்.

ஒரு சித்திரை மாதத்தில் பென்னாகரத்தில் ஒரு மர வியாபாரியின் வண்டியைப் பார்க்கப் போனபோது, நானும் ஒரு வழக்கு விஷயமாக அங்கே இருந்தேன். வண்டி சரியில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. தேநீர் மட்டுமன்று, மோரும் வந்தது, அதையும் தொடவில்லை. வெளியே வந்து, தெருக்குழாயை நோக்கி ஏறக்குறைய ஓடினார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

"பாய், மோருமா உங்கள் சட்டத்தில் அடக்கம்?" என்று கேட்டேன்.

"டீயி, மோரு, தண்ணி எல்லாம் ஒண்ணுதாங்க சார். ஒரு எடத்துல விட்டுக் குடுத்தா அப்புறம் எங்க நிறுத்துறது?" என்றார், முகவாயிலிருந்து நீர் சொட்ட.

வாயைத் திறந்து சொல்லிவிட்டால்தான் என்ன என்று இன்னொரு சமயம் கேட்டேன். அவர் ஒரு செயின் கவரை மாட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு கண்ணாலத்துக்கு விக்கறாங்க, ஆசுபத்திரி செலவுக்கு விக்கறாங்க. வாசல்ல நின்னு நொட்டை சொன்னா பக்கத்து வூட்டுக்கும் கேக்குமில்லீங்க? வாங்க வந்தவருக்குத் தெரிஞ்சாப் போதுங்க."

"அடுத்து வாங்குகிறவன் ஏமாறுவானே?"

"அவரு என்னையக் கூட்டிக்கிட்டு வரட்டுங்க. அப்பவும் எனக்கு வயித்துக்கு ஆகாதுங்க."

கணவரை இழந்த ஓர் ஆசிரியையின் வீட்டில் ஸ்கூட்டர் பார்க்கப் போன கதையையும் ஊர் சொல்லும். பாய் தேநீரைக் குடித்து முடித்த பிறகும், வாங்க வந்தவர் கண்ணாடியில் கீறல், சீட்டில் கிழிசல் என்று விலையைக் குறைத்துக்கொண்டே போனாராம். பாய் உள்ளே பார்த்து, "தங்கச்சி, இன்னொரு டீ கெடைக்குமாம்மா?" என்று கேட்டு வாங்கி, அதையும் குடித்துவிட்டு, "ரெண்டு குடிச்சிட்டேங்க. இனிமே கொறைச்சுக் கேக்காதீங்க" என்றாராம்.

இத்தகைய மனிதரைத்தான் நான் பாப்பாரப்பட்டிக்கு அழைத்துச் சென்றேன்.

நான் தருமபுரியில் வழக்கறிஞராக இருந்தேன். என் தம்பி, என்னிலும் பதினான்கு வயது இளையவன், ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதியாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு என்று ஊர் ஊராக மருத்துவர்களைப் பார்க்க அலைகிற வேலை. அவனுக்கு வண்டி வேண்டும். அதுவும் வேகமான வண்டி. பாப்பாரப்பட்டியில் ஒரு வீட்டில், பெங்களூரில் பந்தயம் ஓட்டிய ஒரு வண்டி விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்து, இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தான். சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்களாம். புகைக்குழலை வெட்டிச் சிறிதாக்கியிருக்கிறார்களாம். தொப்பூர் மேட்டில் பேருந்துகளை நிற்கவைத்துவிட்டுப் போகுமாம்.

"அண்ணா, அது வண்டியில்லண்ணா, குதிரை!" என்றான்.

நான் போய்ப் பார்த்து முடிவு செய்கிறேன் என்றேன். அவன் அன்று கம்பெனிக் கூட்டத்துக்குச் சேலம் போயிருந்தான். ஆகவே அங்கே நடந்ததற்கு எங்கள் தரப்பில் இருவரே சாட்சி: பாயும் நானும்.

விற்கிறவர் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெரியவர். கேழ்வரகும் நிலக்கடலையும் பயிரிட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். அந்தப் பிள்ளைதான் வண்டியைப் பெங்களூரில் வாங்கி, எஞ்சினை மாற்றி, ஓட்டி, இப்போது வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் எங்களுக்காக நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, தாம் நின்றுகொண்டே இருந்தார். நான் வற்புறுத்தி அவரை உட்கார வைத்தேன்.

பாய் வழக்கம்போல் புறங்கையை வைத்தார். எஞ்சின் குளிர்ந்திருந்தது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் முனை சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது, எஞ்சின் அளவுக்கு மீறிக் காய்வதன் அடையாளம் அது என்று பின்னால் அறிந்தேன். உதைத்தார், முதல் உதையிலேயே வண்டி உறுமிற்று. தெரு நாய்கள் எழுந்து ஓடின. ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏரிக்கரைப் பக்கம் போனார். மேட்டில் அது ஏறும் ஓசை வீட்டு வாசல்வரை கேட்டது. பெருமையான ஓசை. இறங்கும்போது மட்டும் ஒரு கணம் அந்த ஓசை அறுந்து, பிறகு மறுபடி கேட்டது. அவர் திரும்பி வந்து வண்டியை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கைக்குட்டை போர்த்திய தேநீர் அவர் பக்கத்திலேயே இருந்தது.

"வயித்துக்கு ஆகலீங்க" என்றார்.

நான் எழுந்திருக்க வேண்டும். அதுவே ஏற்பாடு. ஆனால் பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவர் பாயைப் பார்க்கவில்லை. அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுல குடிக்கக் கூடாதுன்னு எதாச்சும் இருக்குதுங்களா பாய்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. "இருந்தாச் சொல்லிப்புடுங்க. எங்களுக்கு ஒண்ணும் புதுசில்லீங்க. எங்கப்பாரு காலத்துல ஊருக்குள்ள தண்ணி கேட்டா கையில ஊத்துவாங்க. பாத்துப் பழகினதுதான்."

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க பெரியவரே" என்று பாய் பதறி எழுந்தார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் வீட்டில் வேண்டுமானாலும் கை நனைப்பவன் என்ற பெயர் எனக்கு அந்த வட்டாரத்தில் இருந்தது. மேடைகளில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். அந்தப் பெயரோடு வந்தவன் முன்னிலையில், நான் அழைத்து வந்த ஆளால், ஒரு முதியவர் தம்முடைய வாசலில் அவமானப்பட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், பெரியவர் மனது நோகிறது. ஒரு வாய் குடியுங்கள்" என்றேன்.

"சார், நாங் குடிச்சா..."

"தெரியும். குடியுங்கள்."

ஆம், எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டு, ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். பெரியவரின் முகம் மலர்ந்தது. வண்டியின் அருகே நின்றிருந்த மகன் பெருமூச்சு விட்டான். தருமபுரிப் பாயின் வழக்கம் அவன் காதுக்கும் எட்டியிருந்தது போலும். "அப்ப முடிச்சிக்கலாமுங்களா?" என்று அவன் கேட்டபோது, பெரியவரும் என் முகத்தையே பார்த்தார். இப்போது பின்வாங்கினால் அந்தத் தேநீரும் பொய்யாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. முடித்துக்கொள்ளலாம் என்று சொல் கொடுத்தேன்.

திரும்பி வரும் பேருந்தில், கூட்டம் குறைந்து பக்கத்தில் இடம் கிடைத்ததும், பாய் தம் வாழ்நாளிலேயே முதல் முறையாக ஒரு வண்டியின் குறையைப் பற்றி வாய் திறந்து பேசினார் என்று நினைக்கிறேன்.

"அந்த டீ கணக்குல சேராதுங்க சார். உங்க மொகத்துக்காகக் குடிச்சது. வண்டி வேணாங்க."

"என்ன குறை?"

"மேட்டுல சிங்கமாட்டம் ஏறும். எறக்கத்துலதான் ஆகாது. இந்த மாதிரி வண்டிக்கு ஆயிலு பெட்ரோலோட கலந்துதாங்க உள்ள போவுது. எறங்கறப்ப ஆக்சிலேட்டர மூடிட்டா ரெண்டும் போவாது. கை வெக்காத எஞ்சின்னாத் தாங்கும். இத பிஸ்டனு விரிய எடம் இல்லாம கொடஞ்சு வெச்சிருக்கறான். காஞ்சுபோயி பிஸ்டனு புடிச்சுக்கும். பின்சக்கரம் அப்படியே நின்னுபோயிரும். ஏரிக்கரையிலயே ஒருக்கா லேசாப் புடிச்சு விட்டுச்சு."

"சொல் கொடுத்துவிட்டேன், பாய். நாளைக்குப் போய் வேண்டாம் என்றால், அந்தப் பெரியவர் என்ன நினைப்பார்? நான் கொடுத்த சொல்லை இதுவரை மாற்றியதில்லை."

"சொல்லு உங்களுது சார். ஓட்டறது தம்பி."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாப்பாரப்பட்டிச் சாலையின் புளியமரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. சற்று நேரம் கழித்து, பிடிவாதக்காரக் கட்சிக்காரனுக்கு வழக்கறிஞன் சொல்லும் கடைசி யோசனைபோல், அவர் ஒன்று சொன்னார்.

"அப்ப தம்பிகிட்ட இத மட்டும் சொல்லிப்புடுங்க. எறக்கம் வந்தா கிளட்ச்சப் புடிச்சுக்கிட்டே எறங்கோணும். அப்பப்ப ஆக்சிலேட்டர ஒரு முறுக்கு. எஞ்சின் புடிச்சாலும் சக்கரம் நிக்காது. உசுருக்கு ஒண்ணும் ஆவாது. மறந்துராதீங்க சார்." முன் இருக்கையின் கம்பியை இடக்கையால் இறுகப் பிடித்து, விட்டு, மறுபடியும் பிடித்துக் காட்டினார். பேருந்து தருமபுரியில் நின்றபோதும், இறங்கும் கூட்டத்தின் நடுவிலிருந்து திரும்பி, அந்த இடக்கையைக் காற்றில் ஒருமுறை மடக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

நான் தம்பியிடம் சொல்லவில்லை.

வண்டி வந்த அன்று அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "பாயே டீ குடிச்சிட்டாராமே! அப்புறம் என்னண்ணா!" என்றான். செய்தி எனக்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. அந்த நேரத்தில் கிளட்ச்சைப் பற்றி நான் எப்படிச் சொல்வது? சொன்னால், குறையுள்ள வண்டி என்று தெரிந்தே வாங்கியவன் ஆகிறேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அப்படியே பல நாட்கள் போயின. வண்டியும் ஒரு தொல்லையும் கொடுக்காமல் மாதக்கணக்கில் ஓடிற்று. பாய்கூட ஒருமுறை தவறலாம் என்று நானே எனக்குள் தீர்ப்பெழுதி வழக்கை முடித்துவிட்டேன்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குக் காட்டுக்குள் இறங்கும் சாலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், எஞ்சின் இறுகிக்கொண்டது. பின்சக்கரம் நின்று, வண்டி வளைவில் சறுக்கிப் பாறையில் மோதிற்று. தம்பி பிழைத்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

சேலத்து மருத்துவமனைக்குப் பாய் வந்தார். கையில் ஆர்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும். தாழ்வாரத்தில் பெஞ்சில் இருந்த என் அம்மா அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"ஏம்ப்பா, நீ டீ குடிச்சியாமே அந்த வூட்டுல? நெசந்தானா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"குடிச்சேங்கம்மா" என்றார்.

"உன்னய நம்பித்தானேப்பா எம்புள்ளய அதுல ஏத்தி வுட்டோம். பாவி, வேணாமுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் கைகூப்பியபடி நின்றார். ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தார். ஒன்றல்ல, நிறையச் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். அந்தத் தாழ்வாரத்தில் நான் பேசியிருக்க வேண்டும். நீதிமன்றத்தில் அடுத்தவர் சார்பில் மணிக்கணக்கில் பேசிய வாய் அது.

அம்மா உள்ளே போனபின் அவர் என் அருகில் வந்தார். குற்றம் சாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் மிகத் தணிந்த குரலில்.

"கிளட்ச்சு விசயம் சொன்னீங்களா சார்?"

"சொன்னேன்" என்றேன்.

அதுவரை நான் பொய் சொன்னதில்லை என்று பெருமை பேசியதுண்டு. ஒற்றைச் சொல். அதைக் கேட்டு அவர் முகத்தில் வந்த மாற்றத்தை நான் கோபம் என்று நினைத்தேன். கோபமன்று. தம்முடைய இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லியுமா?" என்றார். "அப்ப நாந்தாங்க தப்பாச் சொல்லிப்புட்டேன்."

அதன்பின் எத்தனை பேர் அழைத்தும் அவர் வண்டி பார்க்கப் போகவில்லை. ஊர் அவரைக் கைவிட்டது என்று பேசினார்கள். சிலர் அப்படி இருந்தது உண்மை. "பாய் டீ குடிச்ச வண்டியில ஏறாதே, காலு போயிரும்" என்று கடைவீதி புதிய கேலி ஒன்றைக் கண்டுபிடித்தது. ஆனால் அவர் நின்றுபோனது கேலியால் அன்று. தம்முடைய கையின்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. மழைக்காலம் முடியுமுன் கடையைக் காலி செய்துவிட்டு ஓசூருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஒரு வழக்குக்காக ஓசூர் போய்த் திரும்புகையில், பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டேன். ஒரு கம்பெனியில் இரும்புத் துண்டுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிற வேலை பார்ப்பதாகச் சொன்னார். தலை முழுக்க நரைத்திருந்தது. "தம்பி நடக்கறாருங்களா?" என்று கேட்டார். கட்டைக்கால் போட்டு நடக்கிறான், என் அலுவலகத்திலேயே தட்டச்சு செய்கிறான் என்றேன்.

இந்தப் பக்கங்களையும் அவனே தட்டச்சு செய்வான். இந்த வரிக்கு அவன் விரல்கள் வரும்போது நான் அறையில் இருப்பேன், எழுந்து போகமாட்டேன்.

எதிரே இருந்த கடையில் இரண்டு தேநீர் சொல்லி, ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் வைத்திருந்தார். அந்த இடைவெளியில் சொன்னேன்.

"பாய், கிளட்ச்சைப் பற்றி நான் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னேன் என்று உங்களிடம் சொன்னது பொய்."

பெங்களூர்ப் பேருந்து ஒன்று இரைந்துகொண்டு வெளியேறியது. அவர் தம்ளரை மேசைமேல் வைத்தார்.

"சொல்லலீங்களா?"

"இல்லை."

"அப்ப கிளட்ச்சப் புடிச்சிருந்தா எறங்கியிருக்கும்." என்னிடம் சொல்லவில்லை, அந்தச் சாலையிடம் சொல்வதுபோல் இருந்தது. அவருடைய இடக்கை விரல்கள் மெல்ல மடங்கின. "எறங்கியிருக்குமில்லீங்க சார்?"

"இறங்கியிருக்கும், பாய். நீங்கள் சொன்னது சரி."

அவர் தலையசைத்தார். பிறகு அந்தத் தேநீரை எடுத்து, நின்றபடியே, அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரை வரைக்கும் முழுவதும் குடித்தார். தம்ளரைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். "வரேங்க சார், வண்டி வந்துருச்சு" என்று கூறி, கூட்டத்தோடு கூட்டமாக ஏறிப் போய்விட்டார்.

அது கணக்கில் சேர்ந்த தேநீரா, என் முகத்துக்காகக் குடித்த தேநீரா என்று எனக்குத் தெரியாது. ஒரு காலத்தில் அவர் குடித்தால் அதற்கு ஒரே பொருள்தான் இருந்தது. அதைக் கெடுத்தவன் நான். ஆகவே கேட்கவும் எனக்கு வாய் இல்லை.